முதல் டிஜே கன்ட்ரோலர்: முப்பதாயிரத்துக்குள்ள எது? (பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுதான் போடுவேன்)

இடைவேளை_பிஜிஎம் | கோவை

எல்லாருக்கும் வணக்கம். ஐடி வேலை. கொஞ்ச நாளா போன் ஆப்ல மிக்ஸ் பண்ணிட்டிருக்கேன். கண்ணாடி மேல விரலை வச்சு ஃபேடர் (தள்ளு பட்டன்) தள்ளி அலுத்துப் போச்சு. தீபாவளி போனஸ்ல ஒரு கன்ட்ரோலர் (லேப்டாப்ல செருகி பாட்டு மிக்ஸ் பண்ற பொட்டி) எடுத்துடலாம்னு இருக்கேன்.

பட்ஜெட் 30,000. இழுத்துப் பிடிச்சா 35,000. லேப்டாப் விண்டோஸ் 11, ஐ5, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. பெரும்பாலும் வீட்டுலதான். எப்பவாவது ஃப்ரெண்ட்ஸ் பார்ட்டி. தை மாசம் சித்தப்பா பொண்ணு ரிசப்ஷன்ல ஒரு மணி நேரம் போடச் சொல்லியிருக்காங்க. இதைத் தொழிலா எடுக்கிற எண்ணமெல்லாம் இல்லை. பாட்டு முக்கால்வாசி தமிழ்: 80ஸ், 90ஸ், குத்து. மிச்சம் ஹவுஸ் (எலக்ட்ரானிக் டான்ஸ் இசை).

பார்த்து வச்சிருக்கிறது மூணு: பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, நியூமார்க் மிக்ஸ்ட்ராக் ப்ரோ எஃப்எக்ஸ், ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300 எம்கே2. யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் 4 சேனல் (ஒரே நேரத்துல நாலு பாட்டு) இல்லாம வாங்கவே வாங்காதேங்கிறார். குழம்பிப் போயிருக்கேன்.

---

மண்டபம்_டெக் | சென்னை

4 சேனல் பேச்சை விடுங்க. ரெண்டு பாட்டை ஒழுங்கா சேர்க்கத் தெரிஞ்ச பிறகு மூணாவது டெக் (ஒரு பாட்டு ஓடுற பக்கம்) எதுக்குன்னு உங்களுக்கே தெரியவரும். முக்காவாசிப் பேருக்கு எதுக்கும் இல்லைன்னு தெரியவரும்.

நீங்க பொட்டியை ஒப்பிட்டுட்டிருக்கீங்க. ஒப்பிட வேண்டியது சாஃப்ட்வேரை. நீங்க சொன்ன மூணுலயுமே ரெண்டு ஜாக் வீல் (பாட்டை முன்னே பின்னே தள்ளுற வட்டத் தட்டு), ரெண்டு டெம்போ ஃபேடர் (வேகம் மாத்துறது), நடுவுல மிக்சர், பக்கத்துக்கு 8 பேட் (அமுக்குற சதுரப் பட்டன்). கை போற இடம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒவ்வொரு பாட்டுக்கும் கியூ (தாவ வேண்டிய இடத்துக்குக் குறி) போட்டு, பீட்கிரிட் (தாளக் கோடுகள்) சரி பண்ணி, பிளேலிஸ்ட் அடுக்குவீங்க பாருங்க, அத்தனையும் அந்த சாஃப்ட்வேரோட டேட்டாபேஸ்லதான் போய் உக்காரும். பழைய பொட்டியை வித்துட்டு புதுசு வாங்கிடலாம். 2,000 பாட்டு லைப்ரரியை வேற சாஃப்ட்வேருக்குக் கொண்டு போனா பாதி கியூ இடம் மாறி நிக்கும்.

அதனால முதல்ல இதைப் பாருங்க:

எஃப்எல்எக்ஸ்4 ரெகார்ட்பாக்ஸ், செராட்டோன்னு ரெண்டு சாஃப்ட்வேர்லயும் ஓடும். ரெகார்ட்பாக்ஸ்ல செருகினாலே பெர்ஃபார்மன்ஸ் மோட் (லைவ்ல மிக்ஸ் பண்ற பகுதி) திறந்துக்கும், தனியா காசு வேணாம். செராட்டோ பக்கம் லைட் இலவசம், ப்ரோவுக்குப் பணம்.

மிக்ஸ்ட்ராக் செராட்டோ லைட்டோட வருது. ஜாக் வீல் 6 இஞ்ச், எஃபெக்டுக்குன்னு தனி லீவர். தள்ளி விளையாட நல்லாயிருக்கும். ஆனா லைட்ல பல கதவு பூட்டியிருக்கும், ஒரு கட்டத்துல ப்ரோ வாங்கத்தான் தோணும். அந்தக் காசையும் சேர்த்து விலை போட்டுப் பாருங்க.

இன்பல்ஸ் 300 சொல்லிக் கொடுக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் வேகம் கூட்டணும் குறைக்கணும்னு அம்புக்குறி லைட் காட்டும். அவங்க சொந்த சாஃப்ட்வேர் டிஜூஸ்ட். ஒரே குறை, மைக் குத்த ஓட்டை இல்லை. ரிசப்ஷன்ல சித்தப்பா ரெண்டு வார்த்தை பேசாம விடுவாரா?

என் ஓட்டு எஃப்எல்எக்ஸ்4. நாளைக்கே ஒரு கிளப்ல வாசிக்கற ஆசை வந்தாலும் அங்கே இருக்கப் போறது சிடிஜே (பயனியரோட கிளப் பிளேயர்). ரெகார்ட்பாக்ஸ்ல தயார் பண்ணின பென் டிரைவை அப்படியே கொண்டு போய்ச் செருகலாம். பட்டன் அமைப்பும் அதே குடும்பம்.

---

ஸ்காபரோ_சுதன் | ரொறன்ரோ

சாஃப்ட்வேர்தான் முக்கியம் எண்டதில மாற்றுக்கருத்து இல்லை. ஆனா கிளப், சிடிஜே கதையை வைச்சு ரெகார்ட்பாக்ஸுக்குப் போகச் சொல்லுறதை நான் ஏற்கேலாது. தம்பி தெளிவாச் சொல்லிட்டார், வீடும் கலியாண வீடும்தான் எண்டு. நான் இஞ்ச தமிழ்க் கலியாணங்கள், பிறந்தநாள் விழாக்களுக்குப் போடுறனான். எங்கட வட்டத்தில கனபேர் செராட்டோ. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை எண்டால் மற்றவர் அவற்ற லப்டொப்பில நிண்டு போடுவார். உங்களுக்குப் பக்கத்தில இருக்கிற ஆக்கள் எதைப் பாவிக்கினம் எண்டு பாருங்கோ. சந்தேகம் வந்தா இரவு பத்து மணிக்கு அவையளைத்தான் கேக்கப் போறியள்.

எஃப்எல்எக்ஸ்4இல ரெண்டும் ஓடும் எண்டபடியால் அதை எடுக்கிறதில பிழையில்லை. என்ர முடிவும் அதுதான், காரணம்தான் வேற.

இன்னொண்டு. எதை வாங்கினாலும் உள்ள சவுண்ட் கார்ட் இருக்கோ எண்டு பாருங்கோ. மலிவான சில கன்ட்ரோலர்களில அது இல்லை. பயனியரின்ர பழைய டிடிஜே-200 அப்பிடித்தான். ஸ்பிளிட்டர் வயர் போட்டு, ஒரு பக்கம் சனத்துக்கு, மற்றப் பக்கம் ஹெட்போனுக்கு. ரெண்டுமே மோனோ. சனம் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கேக்க அடுத்த பாட்டை நீங்கள் மட்டும் காதுக்குள்ள கேக்கிறதுதான் இந்த வேலையின்ர அரைவாசி.

---

பென்குயின்_பாலா | பெங்களூரு

ரெண்டு பெரியவங்களும் சேர்ந்து தம்பி பர்ஸைக் காலி பண்றீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மிக்ஸ்ஸ் (Mixxx)னு ஒரு டிஜே சாஃப்ட்வேர் இறக்கிப் பாருங்க பாஸ். முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். எந்த வசதியும் பூட்டி வைக்கலை, ரெக்கார்டிங் உட்பட. கீபோர்டுலயே ஓட்டிப் பார்க்கலாம். பிடிச்சா அப்புறம் ஹெர்குலிஸோட இன்பல்ஸ் 200 ஒண்ணு எடுங்க, பாதி விலைக்குள்ள முடிஞ்சிடும். அதோட மேப்பிங் (பட்டனை சாஃப்ட்வேரோட இணைக்கிற ஃபைல்), இன்பல்ஸ் 300, டிடிஜே-400 மேப்பிங் எல்லாம் மிக்ஸ்ஸ் உள்ளேயே வருது. மிச்சக் காசுல நல்ல ஹெட்போன்.

ஹாபிக்குன்னு வாங்கி கட்டிலுக்கு அடியில தூங்குற கன்ட்ரோலர் இந்த ஊர்ல எத்தனை இருக்குன்னு ஓஎல்எக்ஸ்ல தேடிப் பாருங்க, தெரியும்.

---

மண்டபம்_டெக் | சென்னை

> பாதி விலைக்குள்ள முடிஞ்சிடும்

முடியும். ஆனா இன்பல்ஸ் 200ல பக்கத்துக்கு 4 பேட்தான். தமிழ்ப் பாட்டு போடுற ஆளுக்கு 4 பத்தாது. ஏன்னு கேட்டா அது ஒரு பெரிய கதை. மிக்ஸ்ஸ் பத்தி நீங்க சொன்னது சரி, இலவசத்துல அதுக்கு மிஞ்சினது இல்லை.

---

இடைவேளை_பிஜிஎம் | கோவை

அண்ணா, அந்தப் பெரிய கதையைச் சொல்லிடுங்க. என் உண்மையான பிரச்சினையே அதுதான்னு நினைக்கிறேன். போன் ஆப்ல ரெண்டு ஹவுஸ் டிராக் சிங்க் (தாளத்தைத் தானா ஒட்ட வைக்கிற பட்டன்) போட்டா அட்டகாசமா ஒட்டுது. 80ஸ் பாட்டு ஒண்ணை சிங்க் போட்டா முதல் பல்லவி வரைக்கும் சரியா இருக்கு, சரணம் போறதுக்குள்ள குதிரை ஓடுற மாதிரி தடதடன்னு ஆயிடுது. நல்ல கன்ட்ரோலர் வாங்கினா இது சரியாயிடுமா?

---

மண்டபம்_டெக் | சென்னை

ஆகாது. லட்ச ரூபாய் பொட்டி வாங்கினாலும் ஆகாது. முதல்லயே சொல்லிடறேன்.

ஹவுஸ், டெக்னோ எல்லாம் கம்ப்யூட்டர் கிளிக்குக்கு அடிச்ச பாட்டு. 124 பிபிஎம்னா (நிமிஷத்துக்கு 124 அடி) முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் 124. சாஃப்ட்வேர் முதல் பீட்டைக் கண்டுபிடிச்சு, சம இடைவெளியில கோடு போட்டுக்கிட்டே போயிடும். அதுதான் பீட்கிரிட். சிங்க் பட்டன் செய்யறது ரெண்டு கோட்டுத் தாளை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு நேர் பண்றது, அவ்வளவுதான். பாட்டை அது கேக்கறதே இல்லை.

80கள்ல நம்ம ஊர்ல ரெக்கார்டிங்னா தியேட்டர்ல ஆர்க்கெஸ்ட்ரா முழுசா உக்காந்து வாசிச்சது. தபலாவும் டிரம்ஸும் மனுஷன் கை. பல்லவியில 102ல போற பாட்டு, இடை இசையில வயலின் ஏறும்போது 104 ஆகும், சரணத்துல பாடகர் இழைக்கும்போது 101க்கு இறங்கும். அந்தப் பாட்டு உயிரோட இருக்கறதே அதனாலதான். கோட்டுத் தாளுக்கு அது தெரியாது.

கணக்கு போட்டுப் பாருங்க. 100 பிபிஎம்ல ஒரு பீட் 600 மில்லி செகண்ட். பாட்டு 102க்கு ஏறிடுச்சு, கிரிட் 100லயே நிக்குதுன்னா ஒவ்வொரு பீட்டுக்கும் கிட்டத்தட்ட 12 மில்லி செகண்ட் விலகும். எட்டு பீட் போனா 90ஐத் தாண்டிடும். காது அதை ரெண்டு அடியா கேக்கும். உங்க தடதட அதுதான்.

வழி ரெண்டு இருக்கு. ரெகார்ட்பாக்ஸ்ல அனலைஸ் பண்றப்ப டைனமிக்னு ஒரு மோட் உண்டு. டெம்போ மாறுற இடத்துல கிரிட்டையும் மாத்திக்கும். 80ஸ் பாட்டுக்கெல்லாம் அதைப் போட்டு, அப்புறம் கண்ணால ஒரு தடவை சரி பாருங்க. செராட்டோல கிரிட் எடிட் பண்ணி நடுநடுவுல கைமுறையா முளை அடிக்கலாம், பொறுமை வேணும்.

ரெண்டாவது வழிதான் நான் செய்யறது. அந்தப் பாட்டை நீளமா மிக்ஸ் பண்ணவே மாட்டேன். நம்ம பாட்டுல டிஜேவுக்குன்னு முன்னாடி 16 பார் வெறும் டிரம்ஸ் விட்டு வச்சிருக்க மாட்டாங்க. எடுத்த எடுப்புல புல்லாங்குழல், உடனே குரல். அதனால இடை இசையில தாளம் மட்டும் தனியா வர்ற ஒரு 4 பீட் இருக்கும், தேடிப் பிடிச்சு அங்கே ஒரு ஹாட் கியூ (ஒரு பேடை அமுக்கினா நேரா அங்கே தாவுற குறி). அதை லூப் போட்டா உங்களுக்கு வேணுங்கற அளவு இன்ட்ரோ கிடைச்சாச்சு. 4 பீட்டுக்குள்ள எந்தத் தபலாக்காரரும் பெருசா விலக மாட்டார். ஓடிட்டிருக்கற பாட்டு மேல அந்த லூப்பைக் கொண்டு வந்து, பழைய பாட்டோட பேஸ் நாப்பைக் குறைச்சு, புதுப் பாட்டோட பேஸை ஏத்தி, புதுப் பாட்டைப் பல்லவி முதல் வார்த்தையில விட்டுடுங்க.

என் லைப்ரரியில ஒரு பாட்டை எடுத்துப் பார்த்தா இப்படி இருக்கும்: 1 பல்லவி வார்த்தை, 2 இடை இசைத் தாளம், 3 சரணம், 4 சரணம் முடிஞ்சு பல்லவிக்குத் திரும்புற இடம், 5 கடைசிப் பல்லவி, 6 கூட்டம் சேர்ந்து பாடுற ஒரு வரி. இப்ப தெரியுதா ஏன் 4 பேட் பத்தாதுன்னு.

---

பென்குயின்_பாலா | பெங்களூரு

ஒத்துக்கறேன், 8 பேட்தான். அப்ப இன்பல்ஸ் 300.

---

ஸ்காபரோ_சுதன் | ரொறன்ரோ

டெக் அண்ணை சொன்னதோட குத்துப் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. அதில வேற வில்லங்கம். எங்கட குத்தில கனக்க 6/8. ஒரு அடிக்குள்ள மூண்டு சின்ன அடி. இந்தச் சாஃப்ட்வேர் எல்லாம் 4/4 எண்டு நினைச்சுத்தான் கணக்குப் பாக்கும். கால் தட்டுறது 100 பிபிஎம்மில எண்டால், அது ரெண்டு ரெண்டாச் சின்ன அடியை எண்ணி 150 எண்டு காட்டும். அதை நம்பி 150இல இருக்கிற வேறொரு பாட்டோட சிங்க் பண்ணினால் ஆடிக்கொண்டு நிண்ட சனம் அப்பிடியே நிண்டு பாக்கும்.

குத்துக்கு எண்டு தனி பிளேலிஸ்ட் வையுங்கோ. டேப் பட்டனைக் காலடிக்கு ஏத்த மாதிரி நீங்களே தட்டி பிபிஎம்மைப் பதியுங்கோ. 6/8ஐ 6/8ஓட மட்டும் சேருங்கோ. 4/4 பாட்டுக்குப் போகவேணும் எண்டால் மிக்ஸ் வேண்டாம், எக்கோ எஃபெக்டைப் போட்டு வெட்டிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, அடுத்த பாட்டைத் துவங்குங்கோ. கலியாண வீட்டில அந்த ஒரு மூச்சு இடைவெளியிலதான் விசில் வரும்.

---

கிராஸ்ஃபேடர்_கவி | சென்னை

லேட்டா வர்றேன். இவ்வளவு பேசினவங்க யாரும் கையைப் பத்திப் பேசலையே.

நான் ஸ்கிராட்ச் (தட்டை முன்னும் பின்னும் தேச்சு சத்தம் எழுப்புறது) பண்றவ. எனக்கு ஜாக் வீல் சைஸும் கிராஸ்ஃபேடர் (ஒரு டெக்கிலிருந்து இன்னொண்ணுக்கு சத்தத்தை மாத்துற ஃபேடர்) தளர்வும்தான் முதல். எஃப்எல்எக்ஸ்4ல கிராஸ்ஃபேடர் மிக்ஸிங்குக்கு ஓகே, வெட்டி விளையாட இறுக்கமா இருக்கும். அந்த ஆசை இருந்தா டிடிஜே-ரெவ்1 பாருங்க. டெம்போ ஃபேடரை மேல படுக்க வச்சிருப்பாங்க, டர்ன்டேபிளைத் திருப்பி வச்சு வாசிக்கிறவங்க அமைப்பு. மிக்ஸிங் மட்டும்தான்னா அது வேணாம், மத்த எல்லா டுடோரியல்லயும் ஃபேடர் வலது பக்கம் இருக்கும், உங்களுக்கு மட்டும் தலைகீழா தெரியும்.

சிங்க் பத்தி ஒண்ணு. சிங்க் போட்டா டிஜேவே இல்லைங்கற சண்டையில எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா இப்பதான் அண்ணாவே சொன்னாரே, உங்க பாட்டுல பாதிக்கு சிங்க் வேலை செய்யாது. அப்ப காதால மேட்ச் பண்ணக் கத்துக்கிட்டே ஆகணும், வேற வழியில்லை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 1972ல வந்த காலத்திலிருந்து இதே வித்தைதான்: அடுத்த பாட்டை ஹெட்போன்ல கேளு, முந்துதா பிந்துதான்னு பாரு, ஜாக்கைத் தொட்டுத் தள்ளு, டெம்போ ஃபேடரை ஒரு மயிரிழை நகர்த்து.

அதனால கடைக்குப் போனா டெம்போ ஃபேடரை நகர்த்திப் பாருங்க. ஃபேடர் நீளமா இருந்தா மயிரிழை நகர்த்தலாம். குட்டி ஃபேடர்னா தொட்டாலே ஒரு பிபிஎம் ஓடிடும். ரேஞ்சை ±6ல வச்சுக்கங்க, ±16 வேண்டாம். 100 பிபிஎம் பாட்டுக்கு 6 சதவீதம்னா 94லிருந்து 106 வரை. அதுக்கு மேல இழுத்தா கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாம வைக்கிறது) போட்டாலும் பாடகர் குரல் தகர டப்பா மாதிரி ஆயிடும்.

புளூடூத் ஹெட்போன் வச்சிருந்தா தயவு செஞ்சு ஓரமா வச்சுடுங்க. சாதாரணமா 100லிருந்து 200 மில்லி செகண்ட் தாமதமா வரும். 120 பிபிஎம்ல ஒரு பீட்டே 500தான். மூணுல ஒரு பங்கு பின்னாடி கேட்டுக்கிட்டு எதை மேட்ச் பண்ணுவீங்க?

---

இடைவேளை_பிஜிஎம் | கோவை

அக்கா, என்கிட்ட இருக்கறதே புளூடூத்தான் 😅 வயர் ஹெட்போனையும் பட்ஜெட்ல சேர்த்துக்கறேன்.

ரெண்டு கேள்வி. 8 ஜிபி ராம் போதுமா? குரலையும் இசையையும் தனித்தனியா பிரிக்கிற ஸ்டெம்ஸ் ரொம்ப ஆசையா இருக்கு. இன்னொண்ணு, பழைய டிடிஜே-400 ஒண்ணு இங்கே 15,000க்கு சொல்றாங்க. எடுக்கலாமா?

---

பென்குயின்_பாலா | பெங்களூரு

ராம்: சும்மா ரெண்டு டெக் ஓட்ட 8 தாராளம். ஸ்டெம்ஸ் போட்டா ஃபேன் அலறும். அதை லைவ்ல பண்ணாதீங்க. முன்கூட்டியே வீட்டுல பிரிச்சு, வெறும் இசை மட்டும் இருக்கற ஃபைலா சேவ் பண்ணி வச்சுக்கங்க. பழைய பாட்டுல எப்படியும் பிரிக்கும்போது வயலின்ல கொஞ்சம் குரல் ஒட்டிக்கிட்டுதான் வரும். கேட்டுப் பார்த்து நல்லா வந்ததை மட்டும் எடுத்துக்கங்க.

விண்டோஸ்ல ஏஎஸ்ஐஓ டிரைவர் (சவுண்ட் தாமதத்தைக் குறைக்கிறது) போட்டு பஃபரை (முன்கூட்டியே எடுத்து வைக்கிற ஒலி அளவு) 512 சாம்பிள்ல ஆரம்பிங்க. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல அது சுமார் 12 மில்லி செகண்ட். டப் டப்னு வெடிச்சா 1024க்கு ஏத்துங்க. வாசிக்கும்போது வைஃபை ஆஃப், அப்டேட் ஆஃப், யூஎஸ்பி பவர் சேவிங் ஆஃப்.

டிடிஜே-400: 2018 மாடல், எஃப்எல்எக்ஸ்4 வந்து அதோட இடத்தைப் பிடிச்சது. ரெகார்ட்பாக்ஸ் இதுலயும் திறந்துக்கும். நல்ல கண்டிஷன்னா 15,000 மோசமில்லை. நேர்ல போய் லேப்டாப்ல செருகிப் பார்த்து வாங்குங்க. கிராஸ்ஃபேடரை ஒரு ஓரத்துக்கு முழுசா தள்ளி, எதிர்ப் பக்க டெக்கை சத்தமா ஓட விடுங்க. ஹெட்போனை மாஸ்டர்ல வச்சுக் கேளுங்க. லேசா கசிஞ்சா ஃபேடர் போயிட்டிருக்கு. டெம்போ ஃபேடரை நடுவுல விட்டு திரையைப் பாருங்க, நம்பர் தானா நடுங்கக் கூடாது. ஒவ்வொரு பேடையும் மெதுவா ஒரு தடவை அமுக்குங்க, ரெண்டு தடவை அடிச்சா வேணாம். யூஎஸ்பி ஒயரை ஓட்டைக்குள்ள லேசா ஆட்டுங்க. கனெக்ஷன் விட்டு வந்தா அப்படியே நன்றி சொல்லிட்டு கிளம்பிடுங்க, மண்டபத்துல அது உங்களைக் காலை வாரும்.

---

மண்டபம்_டெக் | சென்னை

பாலா சொன்னதோட ஒண்ணு. 400ல மைக்ல பேசினா ஸ்பீக்கர்ல வரும், லேப்டாப் ரெக்கார்டிங்குக்குள்ள போகாது. எஃப்எல்எக்ஸ்4ல அதைச் சரி பண்ணியிருக்காங்க. ரெக்கார்ட் பண்ணி இன்ஸ்டால போடறவங்களுக்கு அது முக்கியம். இல்லாட்டி 400 இன்னும் நல்ல பொட்டிதான்.

புதுசு வாங்கினா இந்திய வாரன்டி கார்டு இருக்கான்னு கேட்டு வாங்குங்க. யாரோ சூட்கேஸ்ல கொண்டு வந்து விக்கறது ரெண்டாயிரம் மூவாயிரம் குறைவா இருக்கும், ஃபேடர் போனா பார்ட்ஸுக்கு நீங்களே அலையணும்.

---

சவுண்ட்_பாண்டி | மதுரை

நான் டிஜே கெடயாதுண்ணே, சவுண்ட் சர்வீஸ். டிஜேக்காரய்ங்க வந்து என் மிக்சர்ல ஒயரைக் குத்துற எடத்துல நிக்கிற ஆளு. அதனால அந்தப் பக்கம் இருந்து சொல்றேன்.

நீங்க சொல்ற விலையில வர்ற பொட்டி எல்லாத்துலயும் பின்னாடி ஆர்சிஏதான் (செவப்பு-வெள்ளை ஓட்டை) இருக்கும். எக்ஸ்எல்ஆர் (மூணு பின் மைக் ஒயர் ஓட்டை) வேணும்னா ரெண்டு மூணு மடங்கு விலை. பரவால்ல, ஆர்சிஏயே போதும். ஆனா ஆர்சிஏலருந்து பி-38 (மிக்சர்ல குத்துற பெரிய பின்) போற கேபிள் ரெண்டு நீங்களே கையோட கொண்டாங்க. முக்காவாசிப் பய கன்ட்ரோலரை மட்டும் தூக்கிட்டு வந்து "அண்ணே, ஈபி பின் (ஹெட்போன் பின்) இருக்கா"ம்பான். ஹெட்போன் ஓட்டையில இருந்து லைன் எடுத்தா சத்தமும் சரியா வராது, அவன் அடுத்த பாட்டைக் காதுல கேக்கவும் முடியாது.

அந்தக் கேபிள் மூணு மீட்டருக்கு மேல வேணாம். ஆர்சிஏ பேலன்ஸ்டு (வெளி இரைச்சலைத் தடுக்குற ஒயர்) கெடயாது, நீளமா இழுத்தா சீரியல் பல்பு டிம்மர் சத்தமெல்லாம் சேர்ந்து வரும். மேடையில இருந்து மிக்சர் தூரமா இருந்தா டிஐ பாக்ஸ் (லைனை பேலன்ஸ்டா மாத்துற சின்னப் பொட்டி) போடணும். என்கிட்ட இருக்கு, எல்லாருகிட்டயும் இருக்கும்னு சொல்ல முடியாது. முன்னாடி நாள் போன் போட்டுக் கேட்டுக்கங்க.

அப்பறம் அந்தச் செவப்பு லைட்டு. ரிசப்ஷன்ல கூட்டம் ஏற ஏற டிஜே மாஸ்டரை ஏத்திக்கிட்டே போவாப்ல. செவப்புக்குப் போயிட்டா சத்தம் கூடாது, கிழியும். பச்சையில நிறுத்துங்க, சத்தம் வேணும்னா என்னையப் பாத்துக் கைய காட்டுங்க, நான் ஏத்துறேன். 80ஸ் பாட்டு மெதுவா இருக்கும், இப்ப வர்ற பாட்டு காதைக் கிழிக்கும். டிரிம் நாப்னு ஒண்ணு ஒவ்வொரு சேனல் தலையிலயும் இருக்குல்ல, அதுலதான் சரிபண்ணணும், ஃபேடர்ல இல்ல.

யூடியூப்ல உருவுன பாட்டு வீட்டு ஸ்பீக்கர்ல தெரியாது. என் பேஸ் பாக்ஸ்ல போட்டா தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி கேக்கும். காசு குடுத்து வாங்குங்க, இல்ல சிடில இருந்து எடுங்க, 320 கேபிபிஎஸ் தரத்துல வைங்க.

ராத்திரி பத்து மணிக்கு மேல திறந்த வெளியில ஸ்பீக்கர் போடக்கூடாதுங்கற விதி 2000த்துலருந்தே இருக்கு. மண்டபத்துல சாப்பாடு, போட்டோ எல்லாம் முடிஞ்சு ஒங்களுக்குன்னு குடுக்கறது பெரும்பாலும் ஒம்பது டூ பத்துதான். அதுக்குத் தக்க பாட்டை வைங்க.

---

கிராஸ்ஃபேடர்_கவி | சென்னை

பாண்டி அண்ணே பதிவை ஒட்டி மேல வைக்கணும். டிஜே கன்ட்ரோலர் ரிவ்யூ செய்யறவங்க யாரும் பி-38 பத்திப் பேசறதே இல்லை.

---

ஸ்காபரோ_சுதன் | ரொறன்ரோ

ஒரு மணித்தியாலம் எண்டால் தம்பி, பல்லவி ஒரு சரணம் எண்டு ரெண்டு நிமிசத்தில வெட்டினாக்கூட முப்பது பாட்டுத்தான். அறுபதைத் தயார் பண்ணி வைச்சுக்கொண்டு போங்கோ. மாமாமார் வந்து கேப்பினம், இல்லையெண்டு சொல்லேலாது.

ஸ்ட்ரீமிங்கை நம்பி மட்டும் போகாதேங்கோ. ஸ்பொட்டிஃபை 2020 ஜூலையில டிஜே சாஃப்ட்வேருகளில இருந்து விலகினபோது அதில பிளேலிஸ்ட் அடுக்கி வைச்ச ஆக்கள் நடுத்தெருவில நிண்டவை. 2025இல திரும்ப வந்தது எண்டாலும் மண்டபத்து வைஃபையை எந்தத் துணிவில நம்புவியள்? பாட்டு உங்கட டிஸ்க்கில இருக்கவேணும்.

---

இடைவேளை_பிஜிஎம் | கோவை

எல்லாருக்கும் அப்டேட். அந்த 400ஐப் போய்ப் பார்த்தேன். பாலா சொன்ன மாதிரியே கிராஸ்ஃபேடரை ஓரம் தள்ளிக் கேட்டேன், எதிர்ப் பக்கம் பாட்டு மெல்லிசா கேட்டுக்கிட்டே இருந்தது. விக்கிறவர் "அதெல்லாம் யாருக்குத் தம்பி கேக்கப் போகுது"ன்னார். கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

எஃப்எல்எக்ஸ்4 புதுசு எடுத்தாச்சு, வாரன்டி கார்டோட. வயர் ஹெட்போனும் ஆச்சு. பட்ஜெட் கொஞ்சம் கிழிஞ்சுது, வீட்டுல சொல்லலை. ரெகார்ட்பாக்ஸ்ல டைனமிக் போட்டு 80ஸ் எல்லாம் அனலைஸ் பண்ணிட்டிருக்கேன். சுதன் அண்ணா சொன்ன 150 கதை அப்படியே நடக்குது, குத்துப் பாட்டுல பாதி தப்பா காட்டுது. தட்டித் தட்டி மாத்திட்டிருக்கேன்.

ஒரு சிக்கல். வீட்டு ஆம்ப்ளிஃபயர்ல ஆர்சிஏ குத்தினா பாட்டு ஓடாதப்பவும் "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல். ஹெட்போன்ல அது இல்லை. பொட்டியில கோளாறா?

---

சவுண்ட்_பாண்டி | மதுரை

லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க.

---

இடைவேளை_பிஜிஎம் | கோவை

கழட்டினதும் நின்னுடுச்சு!! எப்படிண்ணே?

---

சவுண்ட்_பாண்டி | மதுரை

எர்த் லூப்புண்ணே. சார்ஜர் ஒரு எர்த், ஆம்ப்ளிஃபயர் ஒரு எர்த், நடுவுல யூஎஸ்பியும் ஆர்சிஏயும் ரெண்டையும் சேர்த்து வட்டம் போட்டுருது. பொட்டி நல்லாத்தான் இருக்கு. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல குத்திப் பாருங்க, பாதி கொறையும். சார்ஜர் மூணாவது பின்னை ஒடிச்சு விடுன்னு எவனாச்சும் சொல்லுவான், அதை மட்டும் செஞ்சுறாதீங்க, ஷாக் அடிக்கும்.

மண்டபத்துல டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளினா போயிரும். டிஐ இல்லாட்டி ஒரு மணி நேரந்தானே, ஃபுல் சார்ஜ் போட்டுட்டு வந்து பேட்டரியிலயே ஓட்டுங்க.

---

பென்குயின்_பாலா | பெங்களூரு

பேட்டரியில ஓட்டறப்ப விண்டோஸ் தானா வேகத்தைக் குறைக்கும், பாட்டு வெட்டும். பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்ல வச்சு, முன்னாடி நாள் வீட்டுல பேட்டரியிலயே முழு செட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.